உறைதல் குறைபாடா, உறைதிரிபா?

வணக்கம்.

செப்சிஸ் (தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலை) வந்தவர்களின் இரத்தம் உறைவதில் நேரும் கோளாறுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று: உறைதல் குறைபாடு, உறைவுக்கேடு, அப்புறம் 'கோயகுலோபதி என்றே எழுதிவிடுவோமே' என்ற அலுப்பு. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை.

> உறைதல் குறைபாடு என்றால் எல்லாருக்கும் புரியும். அது போதாதா?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ஹீமோபிலியாவுக்கு அது சரியான சொல். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் எட்டாவது காரணியோ ஒன்பதாவது காரணியோ குறைவு, அதனால் இரத்தம் நிற்பதில்லை. செப்சிஸில் நடப்பது வேறு. பாக்டீரியாவின் நச்சு பட்டதும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக் காரணியை வெளியே நீட்டுகின்றன, உறையவைக்கும் நொதியான திராம்பின் பெருகுகிறது. அதை அடக்க வேண்டிய ஆன்டித்திராம்பினும் புரதம் சி-யும் தீர்ந்துகொண்டே வருகின்றன. உறைந்ததைக் கரைக்கும் ஏற்பாட்டையும் பி.ஏ.ஐ-1 என்ற புரதம் பூட்டிவிடுகிறது. சிறுநீரகம், நுரையீரல், விரல் நுனி என்று நுண்குழாய்களில் பொடிப்பொடியாக உறைகட்டிகள். தட்டணுக்களும் (பிளேட்லெட்) காரணிகளும் அதிலேயே செலவாகிவிட, ஊசி குத்திய இடத்தில் கசிவு நிற்காது. ஒரே உடம்பில் அங்கே அடைப்பு, இங்கே ஒழுக்கு. இதில் எதைக் குறைபாடு என்பது?

என் முன்மொழிவு: உறைதிரிபு.

அடுப்படியில் பிடித்த சொல்தான். பாலில் உறை ஊற்றினால் தயிர். அதே பால் திரிந்துபோனால் கட்டி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். செப்சிஸ் இரத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை. இலக்கணமும் துணைக்கு வருகிறது. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது, அதாவது இல்லாமல் போகிறது. பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் திரிகிறது, போய்விடவில்லை, வேறாகிவிட்டது. ஆகவே உறைவுக்கேடு கூட ஹீமோபிலியாவுக்குத்தான் பொருந்தும்.

> 'டெல்டா திரிபு' என்று கொரோனா காலத்தில் எழுதினோமே, குழப்பாதா?

தனியாக நின்றால் குழப்பும். 'உறை' முன்னால் வந்தபிறகு யாரும் வைரஸை நினைக்கமாட்டார்கள். தலையணை உறையை நினைத்தால் நான் பொறுப்பில்லை.

இனி, இந்தக் கோளாறை நாள்தோறும் அளந்து பார்ப்பதற்கு வைத்த 'கண்காணிப்பு'. சொல்லில் தப்பில்லை, ஆனால் ஆய்வகத்தில் நிற்பவனாக ஒன்று சொல்கிறேன். இந்த நோயில் ஒருநாள் எண் ஏமாற்றும். உறைகட்டியின் இழையாக மாறும் புரதமான ஃபைப்ரினோஜன், நலமாக இருப்பவருக்கு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். தொற்று வந்தால் கல்லீரல் அதைக் கூட்டி உற்பத்தி செய்யும். நேற்று 620, இன்று 310 என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் 'இயல்பு' என்றுதான் அச்சாகும். ஒரே நாளில் பாதி போயிருக்கிறது. தட்டணு 3 லட்சத்திலிருந்து 1.6 லட்சத்துக்கு இறங்கினாலும் அதே கதை. வார்டில் 'ட்ரெண்டு என்ன?' என்றுதான் கேட்கிறார்கள். அதனால் 'உறைதிரிபுப் போக்கறிதல்' என்று வைக்கலாம். 2017-இல் வந்த மதிப்பெண் முறை தட்டணு, ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்), உறுப்புச் செயலிழப்பு மூன்றையும் கூட்டி 4 அல்லது அதற்கு மேல் வந்தால் எச்சரிக்கிறது. அதை 'செப்சிஸ் உறைதிரிபு மதிப்பெண்' எனலாம். செப்சிஸைத் தமிழாக்கும் சண்டை தனி. கிரேக்கத்தில் அழுகல் என்று பொருளாம், அதை நோயாளியின் வீட்டாரிடம் எந்த வாயால் சொல்வது?

——

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் குருதி என்போம், நீங்கள் இரத்தம் என்பீர்கள். உறைதிரிபில் இரண்டும் இல்லை என்பதே எனக்குப் பிடித்தது. ஒரு கேள்வி. உறைந்தது கரையாமல் நிற்பதும் இந்த நோயில் பாதிப் பங்கு. 'உறை' என்ற சொல் அதையும் தாங்குமா?

——

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தங்கச்சி. 1948-இல் ஹார்ட்டெர்ட் என்பவர் ஜெர்மனியில் கொண்டுவந்த, உறைதலைக் கோடாக வரைந்து காட்டும் கருவியில் உறையத் தொடங்குவது, இறுகுவது, கரைவது எல்லாமே ஒரே கோட்டில் தெரியும்: முதலில் ஒற்றை இழை, பிறகு இரண்டாகப் பிரிந்து அகலும், கரையும்போது மறுபடி ஒடுங்கும். அதை வைத்துத்தான் 'உறை' எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைத்தேன். ஆனால் செப்சிஸில் அந்த ஒடுங்கலே வராமல் போவதுண்டு. அதற்குத் தனிப்பெயர் வேண்டும் என்று இப்போது படுகிறது. 'கரைமுடக்கம்' எப்படி? 'கரை' என்றதும் கடற்கரை நினைவு வருமென்றால் 'கரைவுமுடக்கம்'. உங்கள் காதுக்கு எது இசைகிறது என்று எழுதுங்கள்.