புதுப்பிப்பு: தம்பி, பால், மீதிச் சில்லறை
போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: மனச்சிதைவு நோய் உள்ள தம்பிக்குக் காதில் குரல் கேட்பது நின்று ஒரு வருடம் ஆகியும், பால் வாங்க அனுப்பினால் வெறுங்கையோடு திரும்புகிறான், வீட்டில் எல்லோரும் சோம்பேறி என்று திட்டுகிறோம் என்று. சோம்பல் இல்லையாம். மாத்திரை குரல்களை அடக்கும், ஆனால் கவனம், ஞாபகம், திட்டமிடுதல் இவற்றில் இந்த நோயால் விழுந்த அடியை அது பெரிதாகச் சரிசெய்யாது என்று டாக்டர் விளக்கினார். அதோடு, கை நடுக்கத்துக்காக ரொம்ப நாளாக எடுத்துவந்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரை ஞாபகத்தை இன்னும் மந்தமாக்குமாம். அதை அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார் (நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து).

அப்புறம், டீ போடும் வரிசையை எழுதி அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன், கடைசி வரி 'கேஸை மூடு'. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம், கடைக்குப் போனால் சட்டைப்பையில் சீட்டு. நேற்று பாலும் வந்தது, மீதி எட்டு ரூபாயும் வந்தது. சீட்டில் இருந்தும் கொத்தமல்லியை விட்டுவிட்டான், சரி, அதை நானும்தான் மறப்பேன். குளியல் மட்டும் இன்னும் தினம் ஒரு போராட்டம்தான்.