தெற்கு வீதி சொந்தங்கள்: பாட்டியும் திருவையாறும்

மீனா: பாட்டிக்கு இந்த வருஷம் திருவையாறு ஆராதனைக்குப் போக வேண்டுமாம். சுதா ரகுநாதனை நேரில் பார்க்க வேண்டுமாம். காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியாயிற்று. யார் அழைத்துப் போவது?

கணேஷ் அண்ணா: டிவியில் நேரலை வருமே

மீனா: சொன்னேன். டிவியைப் போட எனக்கே தெரியும், நீ எதற்கு என்கிறார்

வசந்தி சித்தி: முட்டி?

மீனா: தரையில் உட்கார முடியாது. மடக்கு நாற்காலி எடுத்துப் போகலாமா?

வசந்தி சித்தி: பின்னால் இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தது 1847இல், புஷ்ய பகுள பஞ்சமி அன்று. ஆராதனை அந்தத் திதியில்தான், ஆகவே தேதி வருஷா வருஷம் மாறும். காலையில் நாகஸ்வரம், பிறகு புல்லாங்குழல். அப்புறம் பஞ்சரத்னம், அதாவது அவருடைய ஐந்து கீர்த்தனைகள், ஐந்து ராகங்களில்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. வித்வான்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சேர்ந்து பாடுவார்கள். சுதாவின் குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. முழுக் கச்சேரி கேட்க வேண்டுமென்றால் மார்கழியில் சென்னைக்குத்தான் போக வேண்டும். அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லவும்.

சித்ரா அத்தை: அம்மாவுக்குத் தெரியாததா அண்ணா. எந்த வண்டி, அதைச் சொல்

பெரியப்பா: என் கார்தான்

சித்ரா அத்தை: 2006 மாதிரியா?

கணேஷ் அண்ணா: ஆரம்பித்தாயிற்று

பெரியப்பா: அன்று சம்பந்தி வீட்டார் நாலு பேர். காரில் இடமில்லை. பஸ்ஸுக்குக் காசு கொடுத்தேனே?

சித்ரா அத்தை: தஞ்சாவூரிலிருந்து இருக்கிற பதின்மூன்று கிலோமீட்டருக்கு அந்தக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. நான் போய்ச் சேரும்போது ஸ்ரீ ராகமே முடிகிற நேரம்

சித்ரா அத்தை: பெண்களை அங்கே பாட விடாமல் வைத்திருந்த காலத்தில், அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியதே பெங்களூர் நாகரத்தினம்மாள். நமக்கு இடமில்லை என்று சொல்வது ஒன்றும் புதிதில்லை

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கணேஷ் அண்ணா: வராளியை நேராகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாது என்பார்கள். நம் வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தது?

சித்தப்பா: பலமுறை முன்னனுப்பப்பட்டது: முழங்கால் வலி ஏழே நாளில் பறந்து போக முருங்கை இலை...

வசந்தி சித்தி: போகிறவர்கள் திருவையாற்று அசோகா அல்வா வாங்கி வரவும். அரை கிலோ

கணேஷ் அண்ணா: எனக்கு ஒரு கிலோ. இங்கே சென்னையில் விற்பதெல்லாம் அசோகாவே இல்லை

வசந்தி சித்தி: பாசிப்பருப்பைப் பக்குவமாக வறுத்தால் வீட்டிலேயே வரும்

சித்ரா அத்தை: போன தீபாவளிக்குச் செய்தாயே வசந்தி. கரண்டியே வெளியே வரவில்லை

வசந்தி சித்தி: நன்றி அண்ணி

மீனா: நாற்காலி என்ன ஆயிற்று?

மீனா: பாட்டி சொல்லச் சொல்லித் தட்டுகிறேன்: "நாற்காலி வேண்டாம். சுதாவே தரையில்தானே உட்காருகிறாள். எம்.எல். வசந்தகுமாரியை நேரில் கேட்டிருக்கிறேன். சிஷ்யையையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். பாட்டு காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை."

வசந்தி சித்தி: பாவம்

பெரியப்பா: காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் பந்தலில் இடம் கிடைக்கும். நாற்காலி டிக்கியில் இருக்கட்டும். சித்ரா, முன் சீட் உனக்கு

சித்ரா அத்தை: பார்க்கலாம்

மீனா: பார்க்கலாம் என்றால் வருகிறீர்களா அத்தை?

வசந்தி சித்தி: அசோகா

கணேஷ் அண்ணா: அது சரி, பஞ்சமி எந்தத் தேதி? பெரியப்பா அதை மட்டும் சொல்லவே இல்லையே