55 யூனிட்டா, 50 யூனிட்டா? (ஹைட்ரஜன் கார் திரி)

கோடைமின்னல்:
நேற்று கார் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பத்து வருஷத்தில் பேட்டரி கார் எல்லாம் காயலான் கடைக்குப் போகும், இனி ஹைட்ரஜனிலிருந்து கரன்ட் எடுக்கும் எரிபொருள் கலம்தான், வெளியே வருவது வெறும் தண்ணீர்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 55 யூனிட் கரன்ட் வேண்டும். டொயோட்டாவின் ஹைட்ரஜன் கார் மிராய் அதில் 100 கிமீ சொச்சம் ஓடும். அதே 55 யூனிட்டைப் பேட்டரி காரில் ஏற்றினால் 300 கிமீ. பாக்கி 200 கிமீயை யார் சாப்பிட்டது?

நீர்மதி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கணக்குப்படி 39.4 யூனிட் போதும். தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம், நல்ல எலக்ட்ரோலைசர், 50இல் முடித்துவிடும். 5 யூனிட்டைக் கூட்டிவைத்து ஊரை ஏமாற்றாதீர்கள்.

கோடைமின்னல்:
39.4 ஏட்டுச் சுரைக்காய். 50 என்றே வைத்தாலும், 700 பார் அழுத்தத்தில் தொட்டிக்குள் அடைப்பது யார், உங்கள் மாமாவா? 55.

பழைய_ஷிப்ட்:
33 வருஷம் அனல் மின் நிலையத்தில் இருந்தவன் சொல்கிறேன். 210 மெகாவாட் ஜெனரேட்டரைக் குளிரவைப்பதே ஹைட்ரஜன்தான், இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஏற்றுவதற்கு முன் கரியமில வாயுவை விட்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவோம். காற்றும் ஹைட்ரஜனும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. ராத்திரி ஷிப்டில் சோப்புத் தண்ணீர் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டு போவோம், குமிழி வந்தால் கசிவு. பற்றிக்கொண்டால் பகலில் தீ கண்ணுக்கே தெரியாது. இதைத் தெருமுனை பங்க்கில் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார் தம்பி. கலிஃபோர்னியாவில் ஷெல்லே தன் ஹைட்ரஜன் கார் பங்க்குகளை 2024இல் மூடிவிட்டது. அப்புறம், 55தான் சரி.

நீர்மதி:
நான் உங்களுக்குத் தம்பி இல்லை சார். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள். உரம், இரும்பு, நெடுந்தூர லாரி எல்லாம் பேட்டரியிலா ஓடும்? பெரம்பூர் ஐசிஎஃப்பில் ஹைட்ரஜன் ரயிலே செய்துவிட்டார்கள், ஹரியானாவில் ஜீந்த்–சோனிபத் 89 கிமீ பாதைக்கு. நம்மூர்க்காரன் செய்தால் மட்டும் இளக்காரம்.

பழைய_ஷிப்ட்:
ஐசிஎஃப் ஆட்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். ஹரியானாவில் அகலப்பாதை முழுக்க மின்கம்பி போட்டாச்சு. கம்பிக்கு அடியில் ஹைட்ரஜன் வண்டி ஓட்டுவது, கிணற்றங்கரையில் நின்றுகொண்டு தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கிற கதை. ஜெர்மனியில் லோயர் சாக்சனிக்காரர்கள் 2022இல் 14 ஹைட்ரஜன் ரயில் விட்டார்கள். மறுவருஷமே, இனி வாங்குவது பேட்டரி ரயில்தான், செலவு குறைவு என்று சொல்லிவிட்டார்கள்.

தமிழ்ச்சுடர்:
எல்லாம் சரி, ஹைட்ரஜன் ஹைட்ரஜன் என்று ஏன் கத்துகிறீர்கள்? நீரகம் என்று அழகான சொல் இருக்கிறதே. எலக்ட்ரோலைசருக்கும் மின்பகுப்பான் இருக்கிறது.

கோடைமின்னல்:
நீரகம் என்றாலும் 55 யூனிட்தான் ஐயா.

நீர்மதி:
இதே கோடைமின்னல்தான் போன வருஷம் இன்வெர்ட்டர் திரியில் பேட்டரிக்கு ஆறு வருஷம் உயிர் என்று அடித்துவிட்டார். நம்பி வாங்கினேன், இரண்டாவது மழைக்காலத்தில் செத்தது. 9,000 ரூபாய் இன்னும் வயிற்றெரிச்சல். அவர் சொல்லும் 55ஐ நான் நம்பணுமாம்.

கோடைமின்னல்:
டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினீர்களா, குழாய்த் தண்ணீரா? அன்றைக்கும் கேட்டேன், பதில் இல்லை. பேட்டரியில் தண்ணீர் பார்க்காதவர் 700 பார் தொட்டியைப் பார்த்துக்கொள்வாராம்.

நீர்மதி:
தண்ணீர் ஊற்றினேனா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. அரசு 2023இல் பசுமை ஹைட்ரஜன் (சூரிய, காற்றாலை மின்சாரத்தில் எடுப்பது) திட்டத்துக்கு 19,744 கோடி ஒதுக்கியது. 2030க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன். அவர்கள் எல்லாம் முட்டாளா?

பழைய_ஷிப்ட்:
50 லட்சம் டன்னை 55ஆல் பெருக்குங்கள். 27,500 கோடி யூனிட், தமிழ்நாடு ஒரு வருஷம் செலவழிப்பதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. உரத்துக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை. காருக்கு எதற்கு?

நீர்மதி:
50ஆல் பெருக்கினால் 25,000 கோடிதான். 2,500 கோடி யூனிட் பொய்.

சும்மா_படிப்பவர்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். என் பெட்ரோல் ஸ்கூட்டருக்குப் பன்னிரண்டு வயசாகிறது. இப்பவே பேட்டரி வண்டி வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

கோடைமின்னல்:
முதலில் அவரை 55ஐ ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பி, அப்புறம் உங்கள் ஸ்கூட்டரைப் பார்ப்போம்.

நீர்மதி:
50.