தட்டைக் கண்டாலே அழும் குழந்தை: சில வீட்டு அனுபவங்கள்

ஒரு அம்மா

என் மகனுக்கு இரண்டரை வயது. நன்றாக மசித்ததைச் சாப்பிடுவான், மொறுமொறுப்பாக இருந்தால் கடித்துச் சாப்பிடுவான். இரண்டும் கலந்து வந்தால்தான் சிக்கல். கூழில் சின்னதாக ஒரு கட்டி நாக்கில் பட்டதும் ஓங்கரிப்பான்; அதுவரை உள்ளே போனதும் சேர்ந்து வெளியே வந்துவிடும். விரலில் ஈரம் பட்டால் துடைத்துவிடச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டே நிற்பான். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள், தலை சீவுவது, பல் தேய்ப்பது, நகம் வெட்டுவது என எல்லாவற்றுக்கும் அழுகை. பார்க்கிறவர்கள் இதைப் பிடிவாதம் என்றார்கள். "பசித்தால் தானே சாப்பிடுவான், விட்டுப் பிடி" என்று சொல்லாத ஆளில்லை. பல குழந்தைகளுக்கு அது சரியாக இருக்கலாம். இவன் பசியோடு அழுவான், ஆனால் தட்டுப் பக்கம் வரமாட்டான்.

குழந்தை மருத்துவர் பரிசோதித்துவிட்டு ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாடச் செயல்களைப் பழக உதவும் பயிற்சிக்கு, அனுப்பினார். அங்கே தெரபிஸ்ட் முதலில் பார்த்தது அவன் கைகளை. உலர்ந்த தானியத்தில் கையை விடுகிறானா, ஈரமாவைத் தொடுகிறானா, புல்லில் வெறுங்காலோடு நிற்கிறானா என்று கேட்டார். தொடும் உணர்வு இவனுக்கு மிகப் பலமாகப் பதிகிறது, அதனால் கை தாங்காத ஒன்றை வாயில் வைப்பது அவனுக்குப் பெரிய பயம் என்று விளக்கினார்.

வீட்டில் செய்யச் சொன்னவை எளிமையானவை. முதலில் உலர்ந்த பொருளில் விளையாட்டு, அப்புறம் கொஞ்சம் ஈரமானது. தொடப் பிடிக்காவிட்டால் கரண்டியோ பிரஷ்ஷோ வைத்துத் தொடலாம். சாப்பாட்டுக்கு முன் குதிப்பது, கனமான தலையணையைத் தள்ளுவது, இறுக்கி அணைத்துக்கொள்வது. நாற்காலியில் கால் தொங்காமல் கீழே பலகை. இந்தப் பலகையை நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன், அவர் விடாமல் சொன்னார். பாதம் ஊன்றியதும் உடம்பு ஆடாமல் நின்றது. கீழே விழாமல் உட்கார்வதற்கே தன் சக்தியைச் செலவழிக்கும் குழந்தையால் மென்று விழுங்குவதில் கவனம் வைக்க முடியாதாம்.

எங்கள் வீட்டைப் பெரிதும் மாற்றியது ஒரு சிறிய தட்டு. புது உணவு அதில் இருக்கும், அவன் சாப்பிட வேண்டியதில்லை. மேசையில் அது இருப்பதைப் பொறுத்துக்கொள்வது, கரண்டியால் நகர்த்துவது, விரலால் தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது, கடைசியாக விழுங்குவது. ஒவ்வொரு படியும் முன்னேற்றம்தான். துப்புவதற்கென்றே பக்கத்தில் கிண்ணம் வைத்திருக்கிறோம். வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவன் வாய்க்குள் எதையும் அனுமதித்தான். சாதாரணக் குழந்தைகளுக்கே ஒரு புது உணவு பழக 8 முதல் 15 தடவைவரை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். இவனைப் போன்றவர்களுக்கு அதைவிட அதிகம்.

எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் வகுத்த பிரிவினை எனக்குப் பெரிய தெம்பு: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. இதை வீட்டில் முதலில் பிடித்துக்கொண்டது அவன் பாட்டிதான். அவனைப் பார்க்காமல் தன் தட்டில் ரசித்துச் சாப்பிடுவார். யாரும் பார்க்கவில்லை என்றதும் இவன் கை மெதுவாக நீளும். இப்போது வாழைப்பழத் துண்டைக் கடிக்கிறான். கூழில் கட்டி இன்னும் ஆகாது.

ஒரு அப்பா

அக்கா, உங்கள் மகனுக்கு உணர்வு கூடுதல் என்றால் என் மகளுக்குக் குறைவு. வாயில் என்ன இருக்கிறது என்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது. கன்னம் புடைக்கும்வரை திணித்துக்கொண்டே போவாள். சாப்பிட்டு வெகுநேரம் கழித்தும் கன்னத்தில் ஒரு உருண்டை ஒதுங்கியிருக்கும். அவள் ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்கு மட்டும் பயம்.

எங்களுக்குத் தெரபிஸ்ட் சொன்னது: ஒரு நேரத்தில் ஒரு சிறு துண்டு மட்டும் தட்டில். அதை விழுங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகே அடுத்தது. குளிர்ச்சியான, சுவை தூக்கலான உணவை வாய் எளிதில் உணர்கிறது, அதனால் அதில் தொடங்குவது. எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி. படுக்கப் போகுமுன் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்துவிடுவது, இதை ஒரு நாளும் விடுவதில்லை.

ஓங்கரிப்பையும் மூச்சடைப்பையும் பிரித்தறியப் பெற்றோர் எல்லோரும் பழக வேண்டும். ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும். மூச்சுக்குழாய் முழுக்க அடைபட்டால் சத்தமே வராது, உதடு நீலமாகும். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சிக்கு நானும் மனைவியும் சேர்ந்தே போனோம்.

பேச்சு, விழுங்கல் பயிற்சி தரும் ஒருவர்

இருவர் எழுதியதிலும் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் வாயைப் பலவந்தமாகத் திறக்கவில்லை என்பது. நான் சேர்க்க விரும்புவது ஒன்று: சென்சரி, அதாவது தொடுதல் போன்ற உணர்வு சார்ந்த சிக்கல், என்று முடிவு கட்டுமுன் உடம்பைப் பாருங்கள். உணவு எதுக்களித்து மேலே வருவது, மலச்சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு, ஒவ்வாமை, பல்வலி இவற்றில் எதுவும் பசியைக் கெடுக்கும். ஒரு வயதுக்கு மேல் நாளெல்லாம் பாலிலேயே வயிற்றை நிரப்பும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறையும், அது பசியை இன்னும் மந்தமாக்கும். குழந்தைகளின் உணவூட்டல் கோளாறுக்கு 2019-இல் வந்த வரையறையே மருத்துவம், ஊட்டச்சத்து, உண்ணும் திறன், மனமும் சூழலும் என்று நான்கு பக்கமும் பார்க்கச் சொல்கிறது.

எடை குறைந்தால், சாப்பிடும்போது இருமல் வந்தாலோ குரல் ஈரமாகக் கேட்டாலோ, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்தால், முன்பு சாப்பிட்டவை ஒவ்வொன்றாக நின்றுபோய் அவற்றின் இடத்தில் புதிதாக எதுவும் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். வரும்போது வீட்டில் சாப்பிடும் வீடியோ ஒன்று கொண்டுவாருங்கள். எங்கள் அறையில் குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்ளும். முகம் மட்டும் போதாது, முதுகும் பாதமும் படத்தில் தெரிய வேண்டும்.