சங்குப்பூ பஞ்சாயத்து

செல்வி: மல்லிகா, நீ கொடுத்த சங்குப்பூ விதை கலப்படம். 11 கொடியில் 3 வெள்ளை. ஞாயிறு திவ்யா வீட்டில் பால் காய்ச்ச நீல மாலை கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மல்லிகா: எங்கள் வேலியில் ஒரே கொடிதான் அண்ணி. ஒரு வெள்ளை பூத்தது கிடையாது.

செல்வி: கிணற்றுப் பங்கிலும் இப்படித்தான், ஒன்றும் தெரியாது.

திவ்யா: அத்தை, வேண்டாமே

முருகேசன்: இனிய காலை வணக்கம்

சதாசிவம்: இருவரும் நிறுத்துங்கள். செடியில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதியாக இருக்கும். சூலிலிருந்து ஒன்று, மகரந்தத்திலிருந்து ஒன்று. சங்குப்பூவில் நீலம் ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு. நிறம் வர ஒரு நல்ல ஜீன் போதும். இரண்டும் பழுதானால்தான் வெள்ளை. ஆயா வீட்டுக் கிணற்றடியில் நீலமும் வெள்ளையும் ஒரே பந்தலில் பின்னிக் கிடந்ததே! சங்குப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், எப்போதாவது வண்டு கலந்துவிடும். அப்படிக் கலந்த விதைதான் மல்லிகா கையில் போயிருக்க வேண்டும். பார்க்க முழு நீலம், உள்ளே ஒரு வெள்ளை. அதன் விதையில் நாலில் ஒன்று வெள்ளையாக வரும்.

கார்த்தி: 11-ல் 3 எப்படி மாமா நாலில் ஒன்று?

சதாசிவம்: 11 எந்த மூலைக்கு? மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் பட்டாணியில் 929 செடி எண்ணினார். 705 ஊதா, 224 வெள்ளை, ஏறக்குறைய நாலில் ஒன்று. அவர் கட்டுரை 1866-லேயே அச்சில் வந்தது, 1900 வரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

செல்வி: உன்னைப் போல நீளமாக எழுதியிருப்பார் அண்ணா.

கார்த்தி: அம்மா!!!

திவ்யா: வேன் யார் பேசுகிறீர்கள்? ஐயர் 4.30 மணிக்கே வந்துவிடுவார்

மல்லிகா: நாங்கள் சனிக்கிழமையே ஏற்காட்டிலிருந்து இறங்கிவிடுவோம். விடியற்காலைப் பனியில் இருபது கொண்டை ஊசி வளைவு ஆகாது.

முருகேசன்: சாயங்காலம் தட்டுவடை செட் உண்டா

கார்த்தி: நீலமும் வெள்ளையும் கலந்தால் வெளிர்நீலம்தானே வரணும்?

சதாசிவம்: அது அந்திமந்தாரையில். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ரோஸ். அங்கே ஒற்றை ஜீனால் முழுச் சிவப்பு தர முடியாது.

செல்வி: சுத்த நீலத்துக்கு வழி சொல்.

சதாசிவம்: வெள்ளைக் கொடி விதையை விட்டுவிடு. நீலக் கொடிகளிலும் மூன்றில் இரண்டு வெள்ளையை ஒளித்து வைத்திருக்கும். கொடிவாரியாகத் தனித்தனி உறையில் விதை எடுத்துப் போடு. எந்த உறை விதையில் வெள்ளையே பூக்கவில்லையோ அந்தக் கொடியை வைத்துக்கொள்.

செல்வி: ஞாயிற்றுக்கிழமைக்குள்ளா?

திவ்யா: வெள்ளையும் சேர்த்தே கட்டுங்கள் அத்தை, அழகாகத்தான் இருக்கும்

செல்வி: பார்க்கலாம். மல்லிகா, உங்கள் வேலியில் எவ்வளவு பூ தேறும்?

மல்லிகா: மழையைப் பொறுத்து அண்ணி

முருகேசன்: வேன் சொல்லிவிட்டேன்

கார்த்தி: மாமா, நானும் சொல்லிவிட்டேன். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று