கூலன்ட் மாற்றிய பிறகு ஹீட் முள் ஏறுகிறது, எங்கே பிழை விட்டேன்?

கேள்வி (கல்லடி)

அண்ணமார், ஒரு உதவி. வண்டி 121 கொரோலா, 1500 சிசி பெட்ரோல். போன சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் வைத்து நானே என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் மாற்றினேன். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் ஆணியைத் திருகினதும் பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வந்தது, விரலால் தடவினால் செம்மண் மாதிரி ஒட்டியது. பேசினில் பிடித்து அளந்தால் மூன்று லீட்டர்கூட இல்லை. மறுகா கிணற்றுத் தண்ணீரால் ரேடியேட்டரைக் கழுவி, ரெடி மிக்ஸ் கூலன்ட் மூன்று லீட்டர் ஊற்றினேன், வாய் வரை வந்துவிட்டது, மூடியைப் பூட்டிவிட்டேன்.

ஞாயிறு கல்முனையில் அக்கா வீட்டுக்குப் போகும்போது, காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள் நிற்கிற மெயின் வீதி நெரிசலில் முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியது. ஆரையம்பதி பக்கம் ஓட்டம் பிடித்ததும் தானாக இறங்கியது. டேஷ்போர்டுக்குப் பின்னால் போத்தலில் இருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல் கொளகொளவென்று சத்தம் வேறு. பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர், எனக்குப் பயம் பிடித்து களுவாஞ்சிக்குடியோடு திரும்பிவிட்டேன். எங்கும் ஒழுக்கு இல்லை. கராஜில் ஒருவர் பொனட்டைத் திறந்து பார்க்காமலே என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். உண்மையா?

பதில் (அக்கரைப்பற்று)

தெர்மோஸ்டாட்டை, சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற அந்த வால்வை, கழற்றி எறியுங்கள் தம்பி. நம்முடைய வெயிலுக்கு அது எதற்கு? என் வேனில் கழற்றி மூன்று வருடம், ஒரு பிரச்சினையும் இல்லை.

பதில் (காத்தான்குடி, கராஜ் வேலை)

தம்பி, ஹெட்டில் யாரையும் கை வைக்க விடாதீங்க. தெர்மோஸ்டாட்டையும் எறிய வேண்டாம். அது இல்லாவிட்டால் என்ஜின் சூடு பிடிக்க நேரம் எடுக்கும், குளிர் என்ஜின் பெட்ரோலைக் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சந்தேகம் என்றால் கழற்றிச் சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள், தண்ணீர் கொதிக்கும் முன்பே, 82 பாகை அளவில் வாய் திறந்தால் அது நல்லது.

உங்கள் வண்டிக்குள் காற்று நிற்கிறது. அந்தக் கொளகொள சத்தம் ஹீட்டர் பெட்டிக்குள் தண்ணீரும் காற்றும் சேர்ந்து ஓடுகிற சத்தம். என்ஜின் குளிராக இருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், நீங்கள் ஊற்றினது ரேடியேட்டரை மட்டும் நிரப்பி வாய்க்கு வந்துவிட்டது. உள்ளே காற்று இருந்த இடம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மொத்தம் ஐந்து லீட்டர் அளவில் பிடிக்கிற இடத்தில் மூன்றுதான் இறங்கியது, மிச்சம் இரண்டு லீட்டர் பழைய துருத் தண்ணீர் பிளாக்குக்குள், அதாவது என்ஜின் உடம்புக்குள், கிடக்கிறது. ரெடி மிக்ஸில் பாதி ஏற்கனவே தண்ணீர். மூன்று லீட்டரில் ஒன்றரை கூலன்ட், ஐந்தில் ஒன்றரை என்றால் 30 வீதம், வேண்டியது 50. அதோடு கிணற்றுத் தண்ணீர் வேறு! நம்முடைய கரைப்பக்கத் தண்ணீர் சவர், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதைப் பார்த்திருப்பீங்க, ரேடியேட்டரின் சின்னக் குழாய்களுக்குள்ளும் அதுதான் படியும், உப்பு அலுமினியத்தைத் தின்னும். டிஸ்டில் வோட்டர் தவிர வேறு ஒன்றும் ஊற்றாதீங்க.

என்ஜின் முழுக்க ஆறின பிறகு, காலையில் என்றால் நல்லது, திரும்ப வடியுங்கள். பிளாக்கில் தனியாக ஒரு வடிக்கிற ஆணி இருக்கிறது, அதையும் திறவுங்கள். அது இறுகிக் கிடந்தால் முறிக்க வேண்டாம், டிஸ்டில் வோட்டர் நிரப்பி, ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று தரம் செய்யுங்கள். கடைசியில் தண்ணீர் கலக்காத கூலன்ட் வாங்கி, மொத்த அளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு மிச்சத்துக்கு டிஸ்டில் வோட்டர். உள்ளே தங்கிய தண்ணீரும் கணக்கில் சரியாகிவிடும்.

முன்பக்கம் உயரமாக வண்டியை நிறுத்தி, ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மெதுவாக ஊற்றுங்கள், ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி வரும். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சுட்டால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது, அப்போது மட்டம் சடாரென்று இறங்கும், திரும்ப ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடுங்கள். ஓடி வந்த பிறகு சூட்டோடு அந்த மூடியை மட்டும் திறந்துவிடாதீங்க. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கிறது அழுத்தம், அது போன கணமே உள்ளே கொதித்து முகத்தில் அடிக்கும். எங்கள் கராஜில் ஒரு பொடியனின் கையில் தோல் உரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நெரிசலில் மட்டும் ஏறுகிறபடியால் ஃபேனையும் பாருங்கள், ஏசி போட்டால் சுற்ற வேண்டும். குமிழி நிற்காமலே வந்துகொண்டிருந்தால், புகை வெள்ளையாகப் போனால், ஒயில் மூடியில் தயிர் மாதிரி இருந்தால், அப்போது ஹெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

பதில் (ஏறாவூர்)

வடித்த கூலன்டை முற்றத்தில் வைக்காதீங்க. இனிப்பாக இருக்கும், நாய், ஆடு எல்லாம் நக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். நம்முடைய மணலில் ஊற்றினால் கிணற்றுக்கே போய்ச் சேரும். கேனில் மூடி கராஜில் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

காத்தான்குடிக் காக்கா (அண்ணன்) சொன்னபடியே செய்தேன். பிளாக் ஆணி அசையவில்லை, மூன்று தரம் தண்ணீர் மாற்றினேன், மூன்றாம் தரம்தான் தெளிவாக வந்தது. படலைக்கு முன்னால் ஏற்றத்தில் நிறுத்தி நிரப்பினேன், மேல் ஹோஸ் சுட்டதும் ஒரு பெரிய குமிழி குபுக்கென்று வந்து மட்டம் கண் முன்னாலே இறங்கியது, அதற்கு மேல் முக்கால் லீட்டர் குடித்தது! இன்று அதே நெரிசலில் ஏசி போட்டபடி கால் மணி நேரம் நின்றேன், முள் பாதிக்குக் கீழே அசையாமல் நிற்கிறது, சத்தமும் இல்லை. ஆறின பிறகு ரிசர்வ் போத்தலில் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது, நிரப்பிவிட்டேன். அது பரவாயில்லையா?

பதில் (காத்தான்குடி, கராஜ் வேலை)

பரவாயில்லை, மிச்சக் காற்று போன இடத்துக்கு இழுத்திருக்கிறது. ஒரு கிழமைக்குக் காலையில் காலையில் பாருங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் வோட்டர் பம்ப் அடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.