தாய் மூலிகைக் கிழி: கற்பூர வாசனை நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். தாய்லாந்தின் ‘லூக் பிரகோப்’ ஒத்தடக் கிழி பற்றி ஒரு சந்தேகம். அளவு இது: இஞ்சி இனத்துப் பிளைக் கிழங்கு 500 கிராம், எலுமிச்சைப்புல், மக்ரூட் எலுமிச்சைத் தோல் தலா 200, மஞ்சள், புளிய இலை தலா 100, உப்பு ஒரு மேசைக்கரண்டி, கற்பூரம் இரண்டு மேசைக்கரண்டி. எல்லாம் பச்சை, ஒன்றிரண்டாக இடித்தது. விழுதாக அரைத்தால் மஞ்சள் சாறு துணி வழியே வடிந்து, கிழி தொளதொளவென்று ஆகிவிடும்.

15 நிமிடம் ஆவியில் வைத்தால் முதல் ஒத்தடம் அருமை. மறுமுறை சூடாக்கினால் கற்பூரம் ஆவியோடு போய்விடுகிறது. கூடுதலாகப் போட்டால் தோல் எரிகிறது. முடிச்சை அவிழ்த்து மறுபடி சேர்க்கலாமா? இறுக்கமான நெசவுத் துணி உதவுமா? காய்ந்த மூலிகையில் செய்பவர்கள், ஆவிக்கு முன் எவ்வளவு நேரம் நனைக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.